லேப்டாப்புக்கு நெற்றி எது?

அத்தை,

இன்று காலை சாம்பல் நிற லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்து, வயரைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்த முனகல். அதற்கும் பிறகு வாசனை. இஸ்திரிப்பெட்டி முதல் சூட்டில் விடும் வாசனையும், பழைய புத்தகத்தின் நடுப்பக்கத்து வாசனையும், எங்கோ கொஞ்சம் சூடமும் கலந்த மாதிரி. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "உங்க அத்தை வந்துட்டா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் சரஸ்வதி பூஜை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லாம் ஆங்கிலம், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். தமிழில் கதைப் புத்தகம் நிறையப் படிக்கிறேனே தவிர, இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. தப்பு இருந்தால் கேலி செய்யாதீர்கள். செய்யாமல் இருக்கமாட்டீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நம் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துப் பால்கனிதான் உங்கள் ஒர்க்‌ஷாப். கேம்ப் கடைத்தெருவில் இருந்த சர்வீஸ் சென்டர் வேலையை விட்டுவிட்டு நீங்கள் அங்கே மேசை போட்டபோது எனக்கு எட்டு வயது இருக்கும். புது லேப்டாப்புகள் வரும், ரிப்பேர் ஆகும், போய்விடும். அவற்றோடு எனக்குப் பழக்கமே ஏற்பட்டதில்லை. என் பழக்கமெல்லாம் மேசைக்குப் பின்னால் இருந்த மர அலமாரியோடுதான். யாரும் வேண்டாம் என்று விட்டுப் போனவை, நீங்கள் கேட்டு வாங்கி வந்தவை, வேலை செய்கிறவை, செய்யாதவை என்று அதில் நெருக்கியடித்துக் கிடந்தன.

நான்தான் அவற்றை வருஷ வரிசைப்படி அடுக்கினேன். நூலகத்திலிருந்து கம்ப்யூட்டர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு அடுக்கினேன். முதலில் நீங்கள் பாலிடெக்னிக்கில் படித்தபோது பழகிய 8085 பலகை. அது லேப்டாப்பே இல்லை. சாப்பாட்டுத் தட்டளவு பச்சைப் பலகை, மேலே கால்குலேட்டர் போல் சில பொத்தான்கள், சிவப்பாக எரியும் சில எண்கள், நடுவில் மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப். அடுத்தது 386 லேப்டாப், பலகாரப் பெட்டி கனம். பிறகு 486, அதுதான் இந்தச் சாம்பல் நிறம். அதற்கப்புறம் வந்த சிப்புகளுக்கு எண் போய்ப் பெயர் வந்துவிட்டது. பெயர் வந்ததிலிருந்து லேப்டாப்புகள் மெலிந்துகொண்டே போயின. இதை நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி உங்களிடம் சொன்னேன்.

"அத்தை, இந்த 8085 ஒரு தடவைக்கு எட்டு எட்டாத்தான் எடுத்துக் கணக்குப் போடுமாம்."

"சரிட்டி. உங்கம்மா அப்பளம் போடுத மாதிரி ஒண்ணொண்ணா இல்லைல்லா, அது வரைக்கும் சந்தோஷம்."

"386 முப்பத்திரண்டு!"

"அது கல்யாண வீடு."

அம்மா உள்ளேயிருந்து, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், எஞ்சினியரம்மா" என்பாள். நீங்கள் சாலிடரிங் கம்பியை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே எனக்குக் கண்ணடிப்பீர்கள்.

எஞ்சினியரம்மா என்று அம்மா அழைத்தால் ஏதோ சண்டை வருகிறது என்று அர்த்தம். நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, மழை முடிகிற சமயம், அப்படி அழைத்தாள். சமையலறையில் அரிசி டின்னுக்கும் மாவு டின்னுக்கும் இடம் இல்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எடைக்கு எடுக்கும் பங்கார்காரரைக் கூப்பிட்டுப் பழைய சாமான்களை எல்லாம் போட்டுவிடுவது, அலமாரியைச் சமையலறைக்கு எடுத்துக்கொள்வது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள்.

"உயிர் இருக்கத வச்சிக்கோ. உயிர் போனதத் தூக்கிப் போடு. அவ்வளவுதான் நான் சொல்லுதேன்."

"எல்லாத்துக்கும் உயிர் இருக்கு மதினி. எந்திரிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். உங்க தம்பி மாதிரி."

"என் தம்பிய இழுக்கலைன்னா உனக்கு அன்னைக்குச் சோறு இறங்காதே! சரி, எந்திரிச்சு என்ன செய்யும்? போன்ல இருக்கத விடவா?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் உங்களிடம் பதில் இருந்தது. கசார்வாடியிலும் அந்தப் பக்கத்துச் சந்துகளிலும் இருக்கும் சின்ன ஒர்க்‌ஷாப்புகளில் இரும்பு கடையும் பழைய கம்ப்யூட்டர் லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு என்ன கடைய வேண்டும், எத்தனை ஆழம், எவ்வளவு வேகம் என்பதை எல்லாம் ஒரு வயர் வழியாக லேப்டாப்பிலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்புகிற புரோகிராமோ மிகப் பழசு. அது முதலில் தன்னைச் சுமக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று எண்ணிப் பார்க்கும். புது லேப்டாப்பில் அது எண்ணத் தொடங்கியதுமே எண்ணி முடிந்துவிடும், ஆன நேரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கப் போய் அப்படியே நின்றுவிடும். 486-இல் வைத்தால்தான் அதற்கு மூச்சு விட முடியும். ஆனால் அந்த வேலை வருவது எப்போதோ ஒரு முறை. அம்மா கேட்ட அன்றைக்கு அது வந்து பல மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் பேசாமல் இருந்தீர்கள் என்று இப்போது புரிகிறது. அன்று மாலை அலமாரியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றீர்கள். நான் வந்து நின்றதும், "எதட்டி முதல்ல குடுக்கலாம்? நீயே சொல்லு" என்றீர்கள். நான் சொல்ல மாட்டேன் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

அதற்குள் சரஸ்வதி பூஜை வந்தது. என் புத்தகங்கள், அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் மெஷின், உங்கள் லேப்டாப்புகள் எல்லாம் ஹாலில் விரித்த பட்டுத் துணிமேல் ஏறின. போகப் போகிறவைதானே என்று அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அந்த வருஷம் லேப்டாப்புகளுக்குத் தானே பொட்டு வைப்பதாகச் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். 486-ஐ இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதுக்கு நெத்தி எது?"

"மூடி மேல வைங்க மதினி."

"மூடி முதுகுல்லா? முதுகுல யாராவது பொட்டு வைப்பாவளா?"

பின்பக்கம் வயர் செருகும் இடத்தைப் பார்த்தாள். உள்ளே சின்னச் சின்ன ஊசிகள் இரண்டு வரிசையாக நின்றன. "இங்க பல்லு தெரியுது. அப்போ இதான் முகம்" என்று சொல்லி, அதன் மேலே நிறையச் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தாள். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். யாருக்கும் துடைக்கத் தோன்றவில்லை.

தீபாராதனை முடிந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கசார்வாடியில் லேத் வைத்திருக்கும் ஜாதவ் காகா. போனில் அவர் குரல் எனக்கே கேட்டது. "மேடம், மஷீன் சப்குச் பூல் கயீ!" மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று கிட்டத்தட்ட அழுதார்.

நடந்தது இதுதான். அவரும் அன்று தன் லேத்துக்குப் பூஜை போட்டிருக்கிறார். வருஷம் முழுவதும் மெயின் சுவிட்சை அணைக்காத மனிதர், சாமிக்காக அணைத்து, எண்ணெய் எல்லாம் துடைத்து, சாமந்தி மாலை போட்டுக் கும்பிட்டிருக்கிறார். லேத்தின் ஞாபகத்தை அணைந்திருக்கும்போது காப்பாற்றுவது உள்ளே இருக்கும் சின்ன பேட்டரிகள். அவை எப்போதோ செத்துவிட்டிருந்தன. மறுபடி சுவிட்சைப் போட்டால், தான் ஒரு லேத் என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

"பேட்டரிக்கு ஒரு சிவப்பு லைட்டு மினுக்குமே, பார்க்கலையா?" என்று இந்தியில் கேட்டீர்கள். அவர் ஏதோ சொன்னார். நீங்கள் நெற்றியில் கை வைத்துக்கொண்டீர்கள். பிறகுதான் எங்களிடம் சொன்னீர்கள்: அது மினுக்கிக்கொண்டே இருப்பது கண்ணை உறுத்தியதால் அதன்மேல் ஒரு கணபதி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தாராம்.

ரஞ்சன்காவ் கம்பெனி ஒன்றுக்கு அவர் கடைந்து தர வேண்டிய சாமான் பாக்கி இருந்தது. மறுநாள் மதியம் வண்டி வரும். கொடுக்காவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். லேத்துக்கு மறந்துபோன எல்லாவற்றின் நகலும் நம் 486-இல் இருந்தது. 486 பூஜையில் இருந்தது.

நீங்கள் எழுந்து பட்டுத் துணியை நோக்கிக் கையை நீட்டியதும் அம்மா சுண்டல் கரண்டியோடு குறுக்கே வந்தாள்.

"கை வைக்காத."

"மதினி, ஒருத்தர் பொழப்பு."

"அவரு பொழப்பும் நம்ம பொழப்பும் நல்லா இருக்கணும்னுதான் வச்சுக் கும்பிட்டிருக்கு. நாளைக்கு மறுபூஜை முடியாம ஒரு பென்சில் கூட எடுக்கக் கூடாது."

அப்பா நடுவில் வந்தார். "ஏன், ஷெட்டுல நாங்க இன்ஜினுக்குப் பூஜை போட்ட கையோட ஓட்டத்தானே செய்யுதோம்?"

"அது ரயில்வே சாமி. இது என் வீட்டுச் சாமி."

அப்பா சுண்டலுக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் கோபத்தில் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தீர்கள். எனக்கு இரண்டு பேரும் சரி என்று தோன்றியது. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "பகல்ல போனா அங்க போய்ச் சேரவே நேரமாயிரும்ட்டி. அத்தனையும் அனுப்பணும், அப்புறம் அவரு கடையணும்" என்றீர்கள். அப்புறம் மெதுவாக, "என்ன செய்யும்னு கேட்டாள்லா உங்கம்மா. என்ன செய்யும்னு காட்ட ஒரே ஒரு நாள் வந்துது. அன்னைக்குப் பார்த்து அது சாமியாப் போச்சு" என்றீர்கள். உங்கள் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அப்போதுதான்.

விடியற்காலையில் என்னை எழுப்பியது மணிச்சத்தம். ஹாலில் விளக்கு எரிகிறது. அம்மா தலைக்குக் குளித்து, ஈரத்துண்டு கட்டிய தலையோடு சூடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறீர்கள்.

"மதினி, இன்னும் விடியலையே."

"கடியாரத்தப் பார்க்காத. நான் சொன்னா விடிஞ்சாச்சு. தொட்டுக் கும்பிட்டுட்டு எடு."

486-ஐ அவளே தூக்கி, தன் கல்யாணத் தாம்பூலப் பையில் வைத்து உங்கள் கையில் கொடுத்தாள். எனக்கும் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "நீயும் போ. இன்னைக்குக் கொஞ்சமாவது படிக்கணும், ரயில்ல படி" என்றாள்.

நாம் ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் சாமந்திப் பூ. சாக்கு சாக்காகக் கொட்டி வைத்துப் பெண்கள் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். லோக்கல் ரயிலின் முகத்திலும் மாலை. இன்ஜின் பெட்டியைக் காட்டி, "இதுக்கு நெத்தி தெரிஞ்சிருக்கு பாரு" என்றீர்கள். நான் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்தேன். ஒரு வரியும் மனசில் ஏறவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள், கைக்குழந்தைக்காரி மாதிரி.

ஒர்க்‌ஷாப்பில் ஜாதவ் காகா முந்தின நாள் பூஜை உடையிலேயே நின்றார். தூங்கவில்லை என்று முகமே சொன்னது. புது பேட்டரி வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டினீர்கள். லேப்டாப்பைத் திறந்தீர்கள். வயரைச் செருகினீர்கள். அனுப்பினீர்கள். ஒன்றும் போகவில்லை. வயரைக் கழற்றி மாட்டி மறுபடி அனுப்பினீர்கள். போகவில்லை. காகா அந்தக் கணபதி ஸ்டிக்கரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உங்கள் கழுத்தில் வியர்வை ஓடியது. லேப்டாப் நின்றுவிட்டால் அன்றோடு அலமாரியின் கதை முடிந்தது என்று எனக்கும் தெரியும்.

வயரின் முனையை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் மஞ்சளாகத் துளி ஒட்டியிருந்தது.

"அத்தை, அம்மாவோட சந்தனம்!"

மேலே வைத்த சந்தனம் வழிந்து ஊசிகளுக்கு நடுவில் காய்ந்து போயிருந்தது. காகாவிடம் பழைய பல் தேய்க்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் வாங்கி நீங்கள் தேய்க்கத் தொடங்கினீர்கள். தேய்க்கத் தேய்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லு விளக்கி விடுதேன்ட்டி, வேற ஒண்ணுமில்ல" என்றீர்கள். காகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்.

அடுத்த தடவை போயிற்று. அந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது எதை அனுப்பினாலும் கண் இமைப்பதற்குள் போய்விடுகிறது, போனது என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான். அன்று திரையில் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. எழுத்தும் எண்ணுமாக என்னால் கூடவே வாசிக்க முடிந்தது. அந்தப் பக்கம் லேத்தின் திரையில் அதே வரி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வது போல. நான் முணுமுணுத்துக்கொண்டே வாசித்தேன். "ஏட்டி, பாராயணமா?" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

முதல் சாமான் கடைந்து விழுந்ததும் காகா அதைக் கையில் எடுக்காமல், முதலில் நம் இரண்டு பேர் கையிலும் தசராவுக்குக் கொடுக்கும் ஆப்டா இலையைக் கொடுத்தார். லேப்டாப்பின் மூடிமேலும் ஒன்று வைத்தார். பிறகுதான் சாமானை அளந்து பார்த்துத் தலையாட்டினார். மதியம் வண்டி வந்தபோது பாதிக்கு மேல் தயாராக இருந்தது. மீதி ஏற்றும் வரை டிரைவரை ஸ்ரீகண்ட் பூரி கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். நமக்கும் அதே சாப்பாடு.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் 486-ஐ அலமாரியில் வைத்துவிட்டு வந்தீர்கள். நான்தான் மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன், சந்தனம் உட்பட. அம்மா கேட்டுவிட்டு, "நான்தான் கெடுத்தேன்னு சொல்லுதியா, நான்தான் காப்பாத்துனேன்னு சொல்லுதியா?" என்றாள். "ரெண்டும்தான் மதினி" என்றீர்கள்.

தீபாவளிக்கு முன்னால் பங்கார்காரர் வந்தார். அம்மா உடைந்த மிக்ஸி, கால் போன நாற்காலி, துருப்பிடித்த வாளி எல்லாம் போட்டாள். அவர் எடை போட்டுவிட்டு, பால்கனி அலமாரியைக் காட்டி, "வோ சப்?" என்று கேட்டார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "வோ காம் கர்தா ஹை" என்றாள். அது வேலை செய்கிறது. நீங்கள் அப்போது குனிந்து எதையோ சாலிடர் செய்துகொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. ஆனால் கம்பி உருகாமல் சும்மா நின்றதை நான் பார்த்தேன்.

அரிசி டின் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, அத்தை.

போன வருஷம் மழையில் நீங்கள் காய்ச்சல் என்று படுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வராமலே போனபோது, சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து வந்து உங்கள் சாமானைப் பற்றிப் பேசினார்கள். அலமாரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா கொடுத்திருக்கமாட்டாள். அழுததை எல்லாம் எழுதப் போவதில்லை. உங்களுக்கு அது பிடிக்காது. எனக்கும் இப்போது உங்களை நினைத்தால் முதலில் வருவது அது இல்லை. பிரஷ்தான் வருகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்ட சிரிப்புதான் வருகிறது.

அந்த வருஷத்துக்குப் பிறகு நீங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தீர்கள். நவராத்திரி தொடங்கியதும் பழைய லேத் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் போன் செய்வீர்கள். "பூஜைக்கு மெஷினை அணைக்காதீர்கள். ஓடும்போதே மாலை போடுங்கள். பேட்டரியை ஓடும்போதே மாற்ற வேண்டும், நான் வருகிறேன்." எல்லாருக்கும் இதையே சொல்வீர்கள். பால்கனியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

போன வருஷம் அந்தப் போன் யாருக்கும் போகவில்லை. நாங்கள் யாரும் அதை நினைக்கும் நிலையில் இல்லை. நல்ல வேளையாக எதுவும் கெடவில்லை. இந்த வருஷம் விடக்கூடாது என்று நேற்று உங்கள் போனைச் சார்ஜில் போட்டு, பால்கனியில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.  நான் யார் என்று சொல்ல வேண்டும், நீங்கள் இல்லை என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும், பிறகு ஒரு பத்தாம் வகுப்புப் பெண் சொல்வதை அவர்கள் கேட்க வேண்டும். மராத்தியில் என்ன சொல்வது என்று முதலிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சிலர் எடுக்கவில்லை. ஒருவர் நம்பரே மாற்றிவிட்டார். ஒருவர், "நீ அந்தக் குட்டிப் பெண்ணா?" என்று கேட்டார். கடைசியாக ஜாதவ் காகா. மணி அடித்தது. எடுத்தார். பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"பந்த் நஹி கரூங்கா, மேடம். சல்தே சல்தே பூஜா கரூங்கா."

அணைக்கமாட்டேன் மேடம், ஓடும்போதே பூஜை போடுகிறேன். உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து நம் ஹாலில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கு எல்லாம் தெரியும்.  உங்கள் பெயர் திரையில் வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றார். பரவாயில்லை காகா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். பேட்டரி மாற்ற ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வருவதாகச் சொன்னேன். எப்படி மாற்றுவது என்று தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்.

முதல் லோக்கலில் என்று சொல்லிவிட்டேன், அத்தை.